தோலில் தோன்றும் காசம்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பணிபுரிந்த குருக்களின் வரிசை, நன்கொடையாளர் பெயர்கள் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுந்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. காசநோய் என்றதும் இருமலும், இரத்தம் துப்புவதும், உடல் உருகுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் காலத்தில் அதை எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் சொன்னார்கள். ஆனால் அதே நோய் தோலிலும் வரும். கழுத்தில் கட்டியாக வந்து உடையும். காலில் மரு போலத் தடிக்கும். கன்னத்திலோ பிட்டத்திலோ செந்நிறப் படையாகப் படரும். இப்படி வந்தவர்கள் பலர், வேறொரு நோயின் பெயரால் ஊருக்கும் உறவுக்கும் விலக்கானார்கள். அந்தத் தவறு எப்படித் திருந்தியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு குருவானவருக்குத் தோல் நோயில் என்ன வேலை என்று யாரேனும் கேட்கக்கூடும். வேதாகமத்தைத் திறந்தால் குருவானவரின் மிகப் பழைய வேலைகளுள் அதுவும் ஒன்று என்பது தெரியவரும்.

லேவியர் ஆகமத்தின் 13-ம் அதிகாரத்தைக் கோவிலில் முழுமையாக வாசித்தால் தூங்குவோர் தொகை கூடும். அவ்வளவு நீண்டது, அவ்வளவு நுணுக்கமானது. தோலில் தடிப்போ வெண்படலமோ கண்டவனைக் குருவிடம் அழைத்துவர வேண்டும். குரு அதைப் பார்ப்பார். அந்த இடத்து மயிர் வெளுத்திருக்கிறதா, படலம் தோலை விட ஆழமாகத் தெரிகிறதா என்று கவனிப்பார். சந்தேகமானால் ஏழு நாள் தனியே அடைத்துவைத்து மறுபடியும் பார்ப்பார். இன்னும் சந்தேகமானால் மேலும் ஏழு நாள். பிறகு தீர்ப்பு. தீட்டு என்று தீர்ப்பானால் அவன் பாளையத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும். நம் ஆண்டவர் தொழுநோயாளரைக் குணமாக்கியபின் குருக்களிடம் போய்க் காட்டும்படி அனுப்பியதும் இந்தச் சட்டத்தின்படியே.

அந்த அதிகாரத்தில் வரும் நோய்க்கு எபிரேய மொழியில் சாராஅத் என்று பெயர். கிரேக்கத்தில் அதை லெப்ரா என்று பெயர்த்தார்கள். நாம் குஷ்டம் என்றும் தொழுநோய் என்றும் வாசிக்கிறோம். ஆனால் அதே சாராஅத் துணியிலும் பிடிக்கிறது, வீட்டுச் சுவரிலும் பிடிக்கிறது என்று அதே நூல் சொல்கிறது. சுவருக்கு எப்படிக் குஷ்டம் வரும்? ஆகவே வேத விற்பன்னர்கள் அந்தச் சொல் ஒரே நோயைக் குறிக்கவில்லை, பல தோல் நோய்களையும் பூஞ்சணம் போன்றவற்றையும் சேர்த்துக் குறித்தது என்று விளக்குகிறார்கள். அந்தக் குருவிடம் இருந்தவை இரண்டு கண்களும் பதினான்கு நாள் பொறுமையும்தான். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்தப் பதினான்கு நாள் பொறுமைகூட இல்லாமல் போயிற்று. 1179-ம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் சங்கம், பிரித்து வைக்கப்பட்ட தொழுநோயாளருக்குத் தனி ஆலயமும் தனிக் கல்லறையும் தனிக் குருவும் இருக்க வேண்டுமென்று விதித்தது. அவர்களை ஆன்ம ஆறுதலின்றி விடலாகாது என்ற இரக்கத்தால் எழுந்த சட்டம் அது. அந்த இல்லங்களில் வாழ்ந்து மடிந்தவர்களுள் எத்தனை பேர் உண்மையான தொழுநோயாளர், எத்தனை பேர் வேறு புண்ணுடையோர் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அரசன் தொட்டால் தீரும் நோய்

நம் நாட்டுச் சித்த வைத்தியர்கள் கழுத்தைச் சுற்றி வரிசையாக எழும் கட்டிகளுக்குக் கண்டமாலை என்று பெயரிட்டார்கள். கண்டம் என்றால் கழுத்து. அதில் மாலை போல விழுவதால் கண்டமாலை. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த நாட்டாரும் வைக்கவில்லை என்பது என் எண்ணம். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா, அதே நெறிகள் கழுத்திலும் அக்குளிலும் உண்டு. அவற்றில் காசக் கிருமி புகுந்தால் வலியில்லாமல் வீங்கும். பல வாரங்களில் மெத்தென்று ஆகும். சுடாது, துடிக்காது. ஆகவேதான் மருத்துவர்கள் அதைக் குளிர்ந்த சீழ்க்கட்டி என்கிறார்கள். பிறகு மேலிருக்கும் தோல் கருநீலமாகி உடைந்து நீர் கசியும். ஒன்று ஆறுவது போல இருக்கும்போது அருகில் இன்னொன்று உடையும். ஆறியபின் சுருங்கிய கயிறு போன்ற தழும்பு மிஞ்சும்.

ஐரோப்பாவில் இந்நோய்க்கு அரசனின் நோய் என்றே பெயர். அபிஷேகம் பெற்ற அரசன் தொட்டால் தீரும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் நம்பினார்கள். பிரான்ஸ் அரசர்கள் முடிசூடியபின் கோர்பெனி என்ற ஊருக்குச் சென்று புனித மார்க்கூல்பின் அருளிக்கத்தின் முன் ஜெபித்துவிட்டு நோயாளரைத் தொடுவது மரபாயிருந்தது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னன் தன் காலத்தில் தொட்டவர்கள் பல பதினாயிரம் பேர். தொட்டபின் நோயாளியின் கழுத்தில் பொற்காசு ஒன்றைக் கோர்த்துக் கட்டுவார்கள். மாலைக்கு மேல் ஒரு மாலை! ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் குழந்தையாயிருந்தபோது இந்நோய் கண்டு, 1712-ம் ஆண்டு ஆன் அரசியிடம் கொண்டுசெல்லப்பட்டார். நோய் தீரவில்லை, பின்னர் கத்தி வைத்தியம் செய்யப்பட்டு, அந்தத் தழும்பு வாழ்நாள் முழுதும் அவரிடம் இருந்தது. பிரான்சில் கடைசியாக இப்படித் தொட்டவர் பத்தாம் சார்லஸ், ஆண்டு 1825.

இந்த நம்பிக்கை இத்தனை காலம் நீடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கண்டமாலை சிலருக்குத் தானாகவே அடங்கிவிடும், பிறகு மறுபடியும் கிளம்பும். அடங்கியவர்கள் அரசனைப் புகழ்ந்தார்கள்; அடங்காதவர்கள் பேச்சை யார் கேட்டார்கள்? நம் பக்கத்தில் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் கட்டியின் மேல் சூடு போடுவதும் நிலைத்ததற்கும் இதுவே காரணம்.

ஓநாய் கடித்த முகம்

தோல் காசத்தின் இன்னொரு வகை இதைவிடக் கொடியது. முகத்தில் சிறு செம்புள்ளியாகத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்லப் படரும். ஒரு பக்கம் ஆறித் தழும்பாகிக்கொண்டே மறுபக்கம் அரித்துச் செல்லும். மூக்கு நுனியும் காது மடலும் கரையும். ஓநாய் கடித்துத் தின்றது போலிருப்பதால் இலத்தீனில் ஓநாய் என்று பொருள்படும் லூப்பஸ் என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். முழுப்பெயர் லூப்பஸ் வல்காரிஸ். (லூப்பஸ் என்ற பெயருடன் இன்று அதிகம் பேசப்படும் வாதநோய் வேறு. அதற்கும் காசத்துக்கும் சம்பந்தமில்லை.)

நாம் பக்தியோடு வணங்கும் லூர்து அன்னையின் திருத்தலத்தோடும் இந்நோய்க்குத் தொடர்புண்டு. 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மரி லெமார்ஷான் என்னும் 18 வயதுப் பெண் அங்கு வந்தார். நுரையீரலில் காசம், முகத்திலும் காலிலும் புண். அதே சமயம் நம்பிக்கையற்ற நாவலாசிரியர் எமில் ஜோலாவும் லூர்துக்கு வந்திருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தை அவர் கண்டார். 21-ம் தேதி அப்பெண் குணமடைந்தார். ஜோலா 1894-ல் வெளியிட்ட நாவலில் அவரை வேறு பெயரில் ஒரு பாத்திரமாக்கினார். புதுமையை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. திருச்சபையோ உடனே மணியடித்துக் கொண்டாடிவிடவில்லை. லூர்தில் 1883 முதலே மருத்துவர்கள் அமர்ந்து நோயாளரைச் சோதிக்கும் அலுவலகம் இருந்தது. மரியின் குணத்தைப் பாரீஸ் மறைமாவட்டம் புதுமை என்று அங்கீகரித்தது 1908-ம் ஆண்டில்தான். பதினாறு ஆண்டுகள்! மருத்துவச் சான்று கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். லூர்தில் அன்னையைக் கண்ட புனித பெர்னதெத் அம்மாளே முழங்கால் எலும்பில் காசம் கண்டு பெருந்துன்பம் அனுபவித்து 1879-ல் மரித்தவர்.

நிற்க. நுரையீரலை உருக்கும் க்ஷயமும், கழுத்துக் கண்டமாலையும், முகத்து லூப்பசும் ஒன்றே என்று அப்போது உலகம் அறியாது. முதலில் குறிப்புக் கிடைத்தது பிரெஞ்சு மருத்துவர் லென்னக்கிடமிருந்து. மார்பில் வைத்துக் கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பை 1816-ல் அமைத்த அதே லென்னக்தான். க்ஷயத்தால் இறந்த ஒருவரின் முதுகெலும்பை அறுக்கும்போது இரம்பம் அவருடைய விரலைக் கீறியது. அந்த இடத்தில் மரு போன்ற ஒரு தடிப்பு எழுந்ததை அவர் 1826-ல் எழுதிவைத்தார். அதே ஆண்டில் க்ஷயத்தாலேயே இறந்தார். கீறல் வழியாகக் கிருமி தோலில் நேரே புகுந்தால் இத்தகைய மரு உண்டாகும் என்பது பின்னால் தெளிவாயிற்று.

1882 மார்ச் 24-ம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக் என்னும் மருத்துவர் காசக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள் லூப்பஸ் தோலிலும் கண்டமாலைச் சீழிலும் அதே கிருமி உண்டென்று காட்டப்பட்டது. நார்வே நாட்டு ஹான்சன் அதற்கு முன்பே, 1873-ல், தொழுநோய்க் கிருமியைக் கண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், இவ்விரு கிருமிகளும் ஒரே குடும்பத்தவை. ஒரே விதமான சாயத்தில்தான் இரண்டும் மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். கண்ணுக்கு நோய்கள் ஒன்றுபோலத் தோன்றியதில் வியப்பென்ன? கிருமிகளே அண்ணன் தம்பிகள்.

ஒளியால் வைத்தியம்

கோக் கிருமியைக் காட்டினார். மருந்து காட்ட அவரால் முடியவில்லை. 1890-ல் அவர் வெளியிட்ட டியூபர்குலின் என்ற சாறு நோயைத் தீர்க்கும் என்று நம்பி ஐரோப்பா முழுவதும் பெர்லினுக்கு ஓடியது. அது தீர்க்கவில்லை. ஆயினும் கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று அறிய உதவியது. இன்றும் கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பை அளக்கும் மான்டூ சோதனை அதன் வழிவந்ததே.

தோல் காசத்துக்கு முதல் உண்மையான வைத்தியம் சூரியனிடமிருந்து வந்தது. டென்மார்க் நாட்டுக்குரிய ஃபேரோ தீவுகளில் 1860-ல் பிறந்த நீல்ஸ் ஃபின்சன் இளவயதிலேயே தீராத நோயாளி. வெளிச்சத்தில் அமர்ந்தால் தம் உடல் தேறுவதைக் கவனித்தார். ஒளிக்குக் கிருமிகளைக் கொல்லும் சக்தி உண்டென்ற ஆய்வுகளைப் படித்தார். 1895 நவம்பரில் கோப்பன்ஹேகன் மின்சார நிலையத்தின் வில்விளக்கைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் லூப்பசால் முகம் கெட்டிருந்த மோகன்சன் என்ற என்ஜினியருக்கு நாள்தோறும் ஒளி பாய்ச்சினார். சில மாதங்களில் முகம் தேறியது. 1896-ல் ஒளி வைத்திய நிலையம் எழுந்தது.

அந்த வைத்தியத்தின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். வெப்பம் சுடாதிருக்க நீர் வழியே ஒளியைச் செலுத்த வேண்டும். இரத்தம் ஒளியை மறைக்காதிருக்கத் தாதி ஒருத்தி படிகக் கண்ணாடியைத் தோலின்மேல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரம். அதுவும் ஒரு நாணய அளவு இடத்துக்கு மட்டும். முகம் முழுவதும் தேற மாதங்கள் ஆகும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எண்ணூறு பேர்வரை அங்கு வைத்தியம் பெற்றார்கள், பெரும்பாலோர் குணமடைந்தனர். தெருவில் முகத்தைத் துணியால் மூடி நடந்தவர்கள் துணியை எடுத்தார்கள். 1903-ம் ஆண்டு ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பெற ஸ்டாக்ஹோம் செல்லவும் அவருக்கு உடலில் வலுவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தார். பரிசுப் பணத்தின் ஒரு பகுதியை நிலையத்துக்கே கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு, தமது 43-ம் வயதில் காலமானார்.

ஃபின்சன் விளக்கு செல்வ நாடுகளின் வைத்தியம். மலைக் குடியிருப்புகளில் இருக்கும் ஏழைக்கு ஒரு மணி நேரம் கண்ணாடி பிடித்து நிற்க யார் இருந்தார்கள்? மருந்து வர இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1940-களில் வைட்டமின் டி-யை மிகுதியாகக் கொடுத்து லூப்பசை ஆற்றினார்கள். 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. சில காசு விலையுள்ள அந்தச் சிறு மாத்திரை, அரசர்களின் கையும் படிக விளக்கும் செய்யாததைச் செய்தது.

சென்னை செய்த சேவை

இவ்வரலாற்றில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. டாக்டர் சவுரிமுத்து என்ற பெயரைக் கேட்டாலே நம்மவர் என்று தெரிகிறது. சவேரியாரின் பெயர் சவரி என்று வழங்குவதை நாம் அறிவோம். இங்கிலாந்தில் காசநோய் இல்லம் நடத்திக் கணித மேதை இராமானுஜனுக்கும் வைத்தியம் பார்த்த அவர், 1928-ல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு ஆகியவையே அன்றைய மருந்து. அந்தச் சானடோரியத்தை 1937-ல் அரசு ஏற்றது. தாம்பரத்துக்கு அருகே இரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம் ஆயிற்று.

ஆனால் சானடோரியத்தில் எத்தனை கட்டில்கள் போட முடியும்? நோயாளிகளோ இலட்சக்கணக்கில். இந்தக் கேள்விக்கு விடை காணவே 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி நடத்திய முயற்சி அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்றார். நுரையீரல் காசம் கண்ட ஏழை நோயாளர் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் கட்டிலில் படுத்து, நல்ல உணவு உண்டு, மருந்து சாப்பிட்டனர். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து, கிடைத்ததை உண்டு, அதே மருந்தை ஓராண்டு சாப்பிட்டனர். 1959-ல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள்! அதைவிட முக்கியம், வீட்டில் இருந்த நோயாளியின் உறவினருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை.

என் சிந்தையில் இது சென்னை மாநகரம் உலகுக்குச் செய்த பெருந்தொண்டு. லேவியர் காலம் தொட்டு நோயாளியைப் பிரித்து வைப்பதே வழி என்றிருந்த உலகத்துக்கு, பிரிக்க வேண்டாம், மருந்தைத் தவறாமல் கொடு, போதும் என்று கணக்கோடு காட்டிய ஆய்வு அது. பிறகு அதே மையம் கண்டமாலை கண்ட குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்து போதும் என்பதை 1990-ல் எடுத்துக்காட்டியது. நம் மதுரையிலும் அதன் கிளை ஒன்று இருக்கிறது. தாய் நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்குகிறது.

தொழுநோய்ப் பக்கத்திலும் அதே காலத்தில் ஒரு மாறுதல் நடந்தது. 1955-ல் செங்கற்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ், டாக்டர் கிளேர் வெல்லூத் ஆகியோர், நோயாளியை இல்லத்தில் அடைக்காமல், சாலையோர மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தார்கள். அதற்கு முந்தைய சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1898-ம் ஆண்டின் குஷ்டரோகிகள் சட்டப்படி, புண்ணோடு பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் போலீசார் வாரண்டு இல்லாமலே பிடித்து அடைக்கலாம். அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2016-ல்தான் என்றால் நம்புவீர்களா?

நம் மலையில்

மேகமலையில் தோட்ட வாழ்க்கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்த லயன் வீடு, அடுப்புப் புகை, ஒரே அறையில் ஆறேழு பேர். அந்த அறையில் ஒருவர் மருந்தில்லாமல் இருமினால் மற்றவர் மூச்சிலும் கிருமி சேரும். தேயிலைக் கிளை கீறிய கால், அட்டை கடித்த புண், குழந்தைகள் கோவணமின்றித் தரையில் உட்காருவது ஆகியவை தோல் வழியே கிருமி புகும் வாசல்கள். ஐரோப்பாவில் லூப்பஸ் முகத்தில் வந்தது. நம் நாட்டிலோ பிட்டத்திலும் தொடையிலும் காலிலும் அதிகம் வருகிறது. ஆடைக்குள் மறைவதால் வைத்தியரிடம் காட்டுவதும் தாமதம். பெண்கள் கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள்.

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் தோல் காசத்தை அறிய மருந்தகத்தில் வழியில்லை. தென்பழனி இறங்கிச் சின்னமனூர் போய், அங்கிருந்து மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுதான் இன்றைய இராஜாஜி ஆஸ்பத்திரி. போகவர இரண்டு நாள் கூலி போகும். 1996-ல் தேனி தனி மாவட்டமாகி, 2004-ல் கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்தபின் அந்தத் தூரம் பாதியாயிற்று.

போகாதவர்கள் என்ன செய்கிறார்கள்? படை என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பைச் சில நாள் அமுக்கிக் காட்டும். உள்ளே கிருமி வளரும். கழுத்துக் கட்டியை யாரிடமாவது காட்டிப் பிளேடால் கீறிவிடுகிறார்கள். குளிர்ந்த சீழ்க்கட்டியைக் கீறினால் அது ஆறாத புரையாகிவிடும். மூன்றாவது, தொழுநோய் என்று தாமே முடிவு செய்துகொண்டு ஒளிந்து வாழ்கிறார்கள். மூன்றிலும் இதுவே பெருந்துயரம்.

தொழுநோயா, தோல் காசமா என்று பிரித்தறிய மருத்துவர் முதலில் செய்வது எளியது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அந்த இடத்தைத் தொடுவார். தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குறைந்திருக்கும். காசப் படையில் உணர்ச்சி இருக்கும். முழங்கை மடிப்பில் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தொழுநோய் நரம்பைத் தாக்கும். தோல் காசம் தாக்காது. பழைய புத்தகங்களில் லூப்பஸ் படையின்மேல் கண்ணாடித் துண்டை அழுத்தினால் ஆப்பிள் கூழ் நிறத்தில் புள்ளி தெரியும் என்று எழுதியிருக்கும். வெள்ளைத் தோலுக்கு அது சரி. நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது.

ஆகவே கண் போதாது. மரத்துப்போக ஊசி போட்டுப் பயறு அளவு தோலை எடுத்துச் சோதிக்க வேண்டும். கழுத்துக் கட்டியானால் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்தாலே போதும். சாயமிட்டுப் பார்க்கையில் தோல் காசத்தில் கிருமிகள் மிகச் சிலவே இருப்பதால் பல சமயம் தென்படா. கிருமியை வளர்த்துப் பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். இப்போது கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்தில் காட்டும் கருவி மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமியா என்பதையும் அதுவே சொல்லிவிடும். தோலில் மட்டும் நோய் தெரிந்தாலும் மார்பு எக்ஸ்ரே அவசியம் எடுக்க வேண்டும். உள்ளே வேறிடத்தில் காசம் ஒளிந்திருக்கலாம். எச்.ஐ.வி. சோதனையும் செய்வார்கள். அதைச் செய்யச் சொன்னதற்காக யாரும் மனம் நோக வேண்டாம். எல்லாக் காச நோயாளருக்கும் செய்வது அது.

சில சமயம் தோலில் கிருமியே இராது. உள்ளே எங்கோ உள்ள காசத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பாகத் தோலில் பொரிகள் எழும். குழந்தைகளின் மார்பிலும் முதுகிலும் ஊசிமுனை போன்ற சிறு பொரிகளாக வரும். வலியோ அரிப்போ இராது. பெண்களின் கெண்டைக்கால் பின்புறம் கடினமான கட்டிகள் எழுந்து குளிர்காலத்தில் உடைவதும் உண்டு. இவற்றுக்கும் அதே காச மருந்துதான்.

நோய் இன்னதென்று பிழையின்றி அறிவது ஏன் இவ்வளவு முக்கியம்? தொழுநோய்க்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின் மாதம் ஒரு முறை மட்டுமே. காசத்துக்கு அது நாள்தோறும் வேண்டும். தோல் காசக்காரருக்குத் தொழுநோய் மருந்து கொடுத்தால் நோய் தீராது. கிருமி மருந்துக்குப் பழகிவிடவும் கூடும். பெயர் மாறினால் ஆளே கெடுவார்.

சாதாரணமாக வைத்தியம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு தவிர மற்ற மூன்று. 2017 முதல் இது தினசரி மாத்திரையாக அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது இரத்தமன்று, ரிஃபாம்பிசினின் நிறம். கண் மங்கினாலோ, மஞ்சள் காமாலை கண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்டமாலைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து தொடங்கியபின் சிலருக்குக் கட்டி இன்னும் பெரிதாகும்; புதிதாக ஒன்றும் எழலாம். மருந்து பொய்த்தது என்று எண்ணி நிறுத்திவிடக் கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு போராடுவதன் அடையாளம் அது. மருத்துவரிடம் காட்டிவிட்டு மாத்திரையைத் தொடர வேண்டும். தோல் காசம் ஐந்தாறு வாரத்தில் ஆறத் தொடங்கும். தொடங்காவிட்டால் நோயைப் பற்றியே மறுபடி ஆராய வேண்டும். சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். கணக்கு இல்லாதவர் ஞாயிறு பூசைக்குப் பின் என்னிடம் வந்தால் மனு எழுதித் தருகிறேன்.

கடைசியாகத் தழும்பைப் பற்றி. நோய் தீரும், தழும்பு தீராது. கழுத்துத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே இருக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கும்போது தடை இருந்தால் அறிவிக்கும்படி சொல்வதைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு, அந்தக் குடும்பத்தில் பெருநோய் உண்டு என்று மேடைக்குப் பின்னால் வந்து காதில் சொல்கிறார்கள். தோல் காசம் குடும்ப நோயன்று, பரம்பரையாக வருவதன்று, தோல் புண்ணிலிருந்து பிறருக்குத் தொற்றுவதும் அரிது. மருந்து முடித்தவரிடமிருந்து தொற்ற எதுவும் இல்லை. நமது நாட்டின் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமாக எழுதப்பட்டிருந்த தொழுநோய்கூட 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்ட நூலில் திருமணத்தை முறிக்கும் தடைகள் 1083 முதல் 1094 வரையுள்ள பிரிவுகளில் ஒவ்வொன்றாகக் கூறப்பட்டிருக்கின்றன. வயது, முன் திருமணம், இரத்த உறவு முதலியவை அவற்றுள் உண்டு. காசமோ, தொழுநோயோ, தழும்போ அவற்றுள் எதிலும் இல்லை.